மார்கழியில் ஒரு பத்திரம்

அத்தியாயம் 6

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாவது நாள். தபீதாள் தன் துப்பறியும் அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்க வந்தபோது மணி ஏழேகால்கூட ஆகவில்லை. அதற்குள் மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் பர்தா, மடியில் ஒரு மஞ்சள் ஃபைல், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

காலங்காத்தாலே வருகிற கேஸ் எதுவும் உருப்படியாக இருந்ததாகத் தபீதாளுக்கு ஞாபகமில்லை. போலீஸில் இருபத்தெட்டு வருஷம் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் போர்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா என்று அலைந்தே முழங்கால் போய்விட்டது. இந்த ஐம்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு டீயும், யாரும் பேசாத அரை மணி நேரமும்தான். இரண்டும் இன்றைக்குக் கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று.

"உள்ள வாம்மா. பேர்?"

"பரிதா. எங்க வூட்டுக்காரர் ஜாபர். பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு வுடுற கடை வெச்சிருக்கார். நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது."

பின்னாலேயே தயாளன் டீ கிளாஸ்களோடு மேலேறி வந்தான். ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவன். இப்போது தபீதாளின் உதவியாளன், டிரைவர், வாய். கடைசி வேலையைத்தான் அவன் முழு மூச்சாகப் பார்த்தான்.

"பொழிச்சலூர்ல ஒரு வூடு வாங்குறோம்" என்றாள் பரிதா. "இன்னிக்கு பதினோரு மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன். வூட்டுக்குச் சொந்தக்காரர் ஸ்ரீநிவாசராகவன்னு ஒரு பெரியவர். சேலையூர்ல இருக்காராம். அவர் பரணின்னு ஒரு புரோக்கருக்கு பவர் எழுதிக் குடுத்துட்டார். பரணிதான் கையெழுத்து போடப் போறான்."

"வில்லங்கம் பார்த்தீங்களா?"

"முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம். பட்டா இருக்கு. பேங்க்ல லோனும் ஓகே பண்ணிட்டாங்க. பேங்க்கே சரின்னுட்டான், அப்புறம் உனக்கு இன்னாடி சந்தேகம்னு எங்க வூட்டுக்காரர் கத்துறார்."

"உனக்கு என்ன சந்தேகம்?"

பரிதா ஃபைலின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். "குடுக்குறவர் மொகத்தையே நாங்க பார்க்கலை மேடம். போன வாரம் பரணி என்னை சேலையூருக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு அம்மா கதவைத் திறந்து, அவர் தூங்கறார்னாங்க. பார்த்தியா, பொட்டு வெச்சிக்கினு மங்களகரமா நிக்கிறாங்க, பெரியவர் நல்லாத்தான் இருக்கார்னு பரணி சொல்லிட்டான். ஆனா ஒரு வூட்டை வாங்குறோம். குடுக்குறவர் வாயால, நல்லா இருங்கன்னு ஒரு வார்த்தை வேணாமா?"

தபீதாள் பவர் பத்திரத்தின் ஜெராக்ஸைப் புரட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முறையாகப் பதிவானது. சேலையூர் முகவரி இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் இவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சந்தேகம் இருந்தா தள்ளிப் போட வேண்டியதுதானே?"

"பொங்கலுக்குள்ள இப்ப இருக்கிற வூட்டைக் காலி பண்ணணும். வாடகைக்குப் பதினோரு வூடு பார்த்தோம். வூடு காட்டுவாங்க, தண்ணி நல்லா வரும்பாங்க, அப்புறம் பேர் கேப்பாங்க. பேரைச் சொன்ன உடனே, அடடா இப்பத்தான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்ம்பாங்க. பதினோரு வூட்லயும் அதே ஆள்தான் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிருக்கார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சொந்த வூடுன்னா யாரும் பேர் கேக்க மாட்டாங்க பாருங்க."

வாடகைக்கு வீடு கேட்டுத் தபீதாளும் சில படிகள் ஏறி இறங்கியவள்தான். வெட்கமாக இருந்தது, யாருக்காக வெட்கப்படுகிறோம் என்பதும் புரியவில்லை. "பதினோரு மணிக்குள்ள சொல்றேன். ஃபைல் இங்கயே இருக்கட்டும், நீ போ" என்றாள்.

பரிதா படியிறங்கும்வரை தயாளன் வாயை அடக்கிக்கொண்டிருந்ததே பெரிய விஷயம்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மார்கழில எவனாச்சும் பத்திரம் பண்ணுவானா? என் மச்சான் பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கறதுக்கே, தை பொறக்கட்டும்டான்னு நிறுத்தி வெச்சிக்கீறான். இந்த பரணி இன்னான்னா வூட்டையே விக்கிறான். பஞ்சாங்கத்தை எடைக்குப் போட்டுட்டான் போல."

தபீதாள் வாய்வரை கொண்டுபோன டீயைக் கீழே வைத்தாள். "திரும்பச் சொல்லு."

"எடைக்குப் போட்டுட்டான்…"

"அது இல்ல. மார்கழி. வழக்கமா வீடு வாங்க வர்றவங்க கிட்ட மார்கழியில ரெஜிஸ்ட்ரேஷன்னு சொன்னா?"

"தெறிச்சு ஓடிருவான்."

"தை வரைக்கும் பரணியால காத்திருக்க முடியலை. அதான் மார்கழி பார்க்காத ஆளாத் தேடிப் பிடிச்சிருக்கான். பதினோரு பேர் பேரைக் கேட்டுட்டுக் கதவைச் சாத்தினாங்க. இவன் ஒருத்தன் அதே பேரைக் கேட்டுட்டுத் திறந்திருக்கான்." அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியை எடு. அந்தப் பெரியவரை எழுப்பிப் பார்ப்போம்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கல்பட்டிலிருந்து வந்த மின்வண்டி வாசலெல்லாம் ஆட்களோடு நிலையத்துக்குள் நுழைய, தயாளன் பைக்கின் என்ஜினை அணைத்தான்.

"அக்கா, பேங்க்ல அவ்ளோ கேள்வி கேட்டுத்தானே லோன் தர்றான்? அவனை ஏமாத்திட முடியுமா?"

"பேங்க் ஜாபரோட வருமானத்தை விசாரிக்கும். வக்கீல் காகிதத்தைப் பார்ப்பார். காகிதம் எழுதிக் குடுத்த மனுஷன் மூச்சு விடறாரான்னு யார் போய்ப் பார்க்கிறாங்க?"

"வில்லங்கத்துல காட்டாதா?"

"வில்லங்கத்துல வித்தது வாங்கினது ஏறும், அடமானம் ஏறும். சாவு ஏறாது தயாளா."

அவன் திரும்பிப் பார்த்தான். பெரியவர் இல்லை என்று அக்கா ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டாள் என்பது புரிந்தது. ஆனால் முடிவு வேறு, ஆதாரம் வேறு. மூன்று மணி நேரத்தில் ஆதாரம் வேண்டும்.

சேலையூரில் அந்தத் தெரு முழுக்கக் கோலம். வாசலுக்கு வாசல் போட்டி போட்டுக்கொண்டு, மயிலும் தாமரையும், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூவும். எதை மிதிக்காமல் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தயாளன் வண்டியைக் காலால் தள்ளிக்கொண்டு போனான்.

"ரோடு டாக்ஸ் கட்டினது நானு, ரோடு இவங்களுது."

"நாம போற வீட்டு வாசல்லயே நிறுத்து. இடம் இருக்கு பார்."

இருந்தது. முகவரியில் இருந்த வீட்டின் வாசல் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகக் கிடந்தது. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. சுவரோரமாகப் பழைய ஸ்கூட்டர் ஒன்று நின்றது. அதன் கொக்கியில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஒரு கட்டுத் தர்ப்பை எட்டிப் பார்த்தது.

"இன்னாக்கா இது, மார்கழில ஐயங்கார் வூட்டு வாசல் காலியா கீது?"

"இன்னிக்கு இந்த வீட்ல யாருக்கோ திதி. திதி நடக்கிற வீட்ல அது முடியிற வரைக்கும் கோலம் போட மாட்டாங்க. போலீஸ் குவார்ட்டர்ஸ்ல என் பக்கத்து வீட்டு மாமி சொல்லிக் குடுத்தது. யாருக்குத் திதின்றதுதான் கேள்வி. பெரியவரோட அப்பாவுக்காகவும் இருக்கலாம்."

மணி அடித்தார்கள். கதவு ஒரு சாண் திறந்தது. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், வெளிறின புடவை. "யாரு?"

"பொழிச்சலூர் வீடு விஷயமா வந்திருக்கோம். சாரைப் பார்க்கணும்."

அந்த அம்மாளின் முகம் ஒரு கணம் மாறியது. "வராண்டாவில உக்காருங்கோ. இதோ வரேன்." கதவு சாத்திக்கொண்டது.

வராண்டாவில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் தபீதாள் உட்கார்ந்தாள். முழங்கால் நன்றி சொன்னது. இரண்டு நிமிஷத்தில் கதவு மறுபடி திறந்தது, இந்த முறை அகலமாக. அம்மாளின் நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"அவர் தூங்கறார். நீங்க இன்னொரு நாள் வாங்கோ."

தயாளன் குனிந்து தபீதாளின் காதில் சொன்னான்: "உள்ள போம்போது நெத்தி காலியா இருந்துச்சுக்கா."

தபீதாளும் பார்த்திருந்தாள். அவசரத்தில் வைத்த குங்குமம் மூக்கின் மேல் உதிர்ந்திருந்தது. இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்; ஆனால் அதை இந்த முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. கூடத்திலிருந்து ஒரு வாத்தியாரின் கணீர்க் குரல் வராண்டாவரை வந்தது.

"எனக்குக் காது கேக்கலை. அப்பா பேரை உரக்கச் சொல்லுங்கோ."

ஓர் ஆண் குரல் சொன்னது: "ஸ்ரீநிவாசராகவ சர்மா."

உள்ளே தூங்குகிறவராகச் சொல்லப்பட்ட மனிதரின் பெயரை, அவருடைய மகனே திதிக்கு உட்கார்ந்து சொல்லியாயிற்று. இதற்கு மேல் எந்தத் துப்பறியும் நிறுவனமும் ஆதாரம் தேட வேண்டியதில்லை. தபீதாளுக்குக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் கொஞ்சம்கூட வரவில்லை.

"எப்போம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "சரஸ்வதி பூஜை அன்னிக்கு. இன்னிக்கு மாசத் திதி, மூணாவது மாசிகம். அவர் போயிட்டார்னு பத்திர ஆபீஸ்ல சொன்னா பொண்ணும் கையெழுத்துப் போடணுமாம், பங்கு கேப்பாளாம். திருச்சியில இருக்கா. தை மாசம் வரப்போறா, அதுக்குள்ள முடிச்சுடணும்னு பிள்ளை சொன்னான். யாராவது வந்தா குங்குமம் இட்டுண்டு போய் நில்லு, அது போதும்னான்." குரல் இறங்கியது. "பொய்தான். தெரியும். ஆனா கண்ணாடி முன்னாடி இட்டுக்கற அந்த ஒரு நிமிஷம், அவர் உள்ளே பேப்பர் படிச்சிண்டிருக்காப்பல இருக்கும். அதுக்காகவே இன்னும் யாராவது வரமாட்டாளான்னு இருந்தது."

தயாளன் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தபீதாள் அந்த அம்மாளின் தோளைத் தொட்டாள். திட்டத்தான் வந்திருந்தாள், முடியவில்லை. "உங்க பொண்ணுக்கு இன்னிக்கே போன் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்து நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினாள்.

அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தாள். வெள்ளைப் பெயின்டில் தேய்ந்த எழுத்துகள்: ஃபாயிசா பந்தல், தாம்பரம்.

"இந்த சேர் ஏதும்மா?"

"அன்னிக்கு வாடகைக்கு வந்தது. ஒண்ணு மீந்துபோச்சு. சாவு வீட்டு நாற்காலின்னு திரும்பக் கேக்கவும் யாரும் வரலை."

வண்டியில் ஏறும்போது தபீதாள் ஃபைலிலிருந்த பேங்க் விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். வாங்குபவர் ஜாபர். தொழில் நடத்தும் பெயர், ஃபாயிசா பந்தல்.

"அப்போ பாய்க்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியுமா?" என்றான் தயாளன்.

"தெரியும். புருஷன் ஏமாந்துடக் கூடாதேன்னுதான் பரிதா ராத்திரியெல்லாம் தூங்காம வந்து நின்னா." பெருமூச்சு விட்டாள். "ஓட்டு. எனக்கு இந்த வேலையே வேணாம்னு இருக்கு."

"அதை நீங்க வாராவாரம் சொல்றீங்கக்கா."

"வாராவாரம் நிஜமாத்தான் சொல்றேன்."

சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்களும் ஸ்டாம்ப் விற்கிறவர்களும் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள். மார்கழி. வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு செல்போனுமாக நின்ற இளைஞன்தான் பரணி என்று கேட்காமலே தெரிந்தது. பரிதா ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். லோனில் அவள் பெயரும் இருந்ததால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். தபீதாளைப் பார்த்ததும் எழப்போனாள். தபீதாள் கண்ணாலேயே இரு என்று சொல்லிவிட்டு, டீக்கடையோரம் தனியாக நின்ற ஜாபரிடம் போனாள். நாற்பத்தைந்து வயது, தூக்கிச் சுமந்து காய்த்துப்போன கைகள்.

"பாய், சேலையூர்ல ஒரு சேரை மறந்துட்டு வந்துட்டீங்க."

டீ கிளாஸ் அவர் கையிலேயே நின்றது. "நீங்க யாரு?"

"துப்பறியும் நிறுவனம். உங்க சம்சாரம் அனுப்பினாங்க. நீங்க ஏமாந்துடுவீங்கன்னு பயந்துக்கினு."

அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"நான் திருட்டுத்தனம் ஒண்ணும் பண்ணலைக்கா. பெரியவர் போனா இன்னா, பவர் கவர்மென்ட்ல பதிவானது, அது எங்கயும் போகாதுன்னு பரணி சொன்னான். பேங்க்கும் ஓகே சொல்லிட்டான். செத்தவர் வூடுன்னா இவ வேணாம்பா, அதான் சொல்லலை. பத்து வருஷமா ஊர்ல இருக்கிற அத்தனை வூட்டுக் கல்யாணத்துக்கும் நான்தான் பந்தல் போடுறேன். எனக்கு ஒரு கூரை கிடைக்கலை."

"எழுதிக் குடுத்தவர் உசுரோட இருக்கிற வரைக்கும்தான் பவர், பாய். அவர் போன அன்னிக்கே அது வெறும் காகிதம். இன்னிக்குப் பரணி போடற கையெழுத்து செல்லாது. திருச்சியில இருக்கிற பொண்ணு நாளைக்கு கேஸ் போட்டா வூடு அவங்களுது. நீங்க வெளியே நிப்பீங்க, லோன் மட்டும் உங்களுது. போதாததுக்கு, அவர் செத்தது உங்களுக்குத் தெரியும்."

"அப்ப பேங்க் எதுக்கு ஓகே சொன்னான்?" அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நம்பினதெல்லாம் ஒன்றொன்றாகக் கழன்று விழுவதைப் பார்க்கிறவரின் களைப்புதான் இருந்தது.

"பேங்க் உங்களைப் பார்த்து ஓகே சொல்லுச்சு."

உள்ளேயிருந்து ஜாபர், பரிதா என்று பெயர்களைக் கூப்பிட்டார்கள். பரணி கையைத் தட்டி விரட்டினான். "பாய், வா வா, சீக்கிரம்!"

ஜாபர் டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே நடந்தார். பரிதா, தபீதாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னால் போனாள். தபீதாள் கதவுவரை தொடர்ந்தாள். இவர் கையெழுத்துப் போடக் குனிந்தால் உள்ளே போய்க் கத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். முப்பத்துநாலு வருஷ அனுபவத்தில் இவ்வளவு மனசில்லாமல் எடுத்த முடிவு வேறில்லை.

சார்பதிவாளர் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். கண்ணாடிக்கு மேலே பரணியைப் பார்த்தார். தினமும் நாலு பேரிடம் கேட்கிற கேள்வியை, தினமும் கேட்கிற அலுப்போடு கேட்டார்.

"பவர் கொடுத்தவர் உயிரோட இருக்கார் இல்ல?"

"இருக்கார் சார். வயசாயிடுச்சு, வூட்லயே படுத்திருக்கார்" என்றான் பரணி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வாங்கறவர் கையெழுத்து போடுங்க."

ஜாபர் பேனாவை வாங்கினார். பக்கத்தில் நின்ற பரிதாவின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய கண்கள் வாசலில் நின்ற தபீதாளிடம் இருந்தன. புருஷனிடம் கேட்காததை ஓர் அந்நிய மனுஷியிடம் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இல்ல சார்" என்றார். "அவர் உசுரோட இல்ல. சரஸ்வதி பூஜை அன்னிக்குச் செத்துட்டார். நான்தான் ஐஸ் பெட்டி கொண்டுபோய், அவரைத் தூக்கி அதுக்குள்ள வெச்சேன்."

சார்பதிவாளர் பத்திரத்தை மூடினார். பரணி அசட்டுச் சிரிப்பொன்று சிரித்துப் பார்த்தான், பிறகு நழுவப் பார்த்தான். வாசலில் தயாளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இன்னா அவசரம் தலைவா? தை பொறக்கட்டும், போலாம்."

தபீதாள் வெளியே வந்தபோது ஜாபர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கேஸ் ஜெயித்தாயிற்று. ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லாமல் போயிற்று. இரண்டையும் ஒரே காலையில் செய்து முடித்தவள், மரத்தடியிலேயே நின்றாள்.

பரிதா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேணாம்பே."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"எங்க போவோம் பரிதா?" என்றார் ஜாபர். "கையில இருந்த ஒரே வூட்டையும் என் வாயாலயே வுட்டுட்டேன்."

"தெரியலை." பரிதா பர்தாவை ஒதுக்கிக்கொண்டு அதே படியில், அவரை ஒட்டி உட்கார்ந்தாள். "ஆனா எங்க போனாலும் உங்ககூட வருவேன். காலைல, நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு தோணித்தான் அந்த மேடம் ஆபீஸ்ல போய் உக்காந்தேன் பாருங்க, அப்ப அதுகூட எனக்கு நிச்சயமா இல்ல."